மூன்று மாத்திரையும் தூங்கும் சுரப்பியும்: டுஷேன் தசைச்சிதைவில் ஹார்மோன் சிகிச்சை

நான்கு வயதுப் பையன் தரையிலிருந்து எழுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். முதலில் குப்புறத் திரும்புவான். இரண்டு கையையும் தரையில் ஊன்றிப் பின்பக்கத்தைத் தூக்குவான். பிறகு ஒரு கையை முட்டியிலும் இன்னொரு கையைத் தொடையிலும் வைத்து, தன் உடம்பின் மேல் தானே ஏறுவது போல மெல்ல நிமிர்வான். மருத்துவர்கள் இதைக் கவர்ஸ் அடையாளம் என்பார்கள். பையன்களின் தசையைப் படிப்படியாக அழிக்கும் டுஷேன் தசைச்சிதைவு என்ற மரபணு நோயில் தெரிவது இது. காங்கயம், கோபிப் பக்கம் வீட்டுப் பெரியவர்கள் "முட்டியப் புடிச்சுட்டுத்தான் எந்திரிக்கறானுங்க" என்பார்கள். அதோடு நிறுத்தாமல், "கெண்டக்கால் மட்டும் கல்லாட்டம் இருக்குதுங்க" என்று ஒரு சமாதானமும் சொல்வார்கள். அந்தச் சமாதானமும் நோயின் இன்னொரு அடையாளம்தான். கல் போலப் புடைத்த கெண்டைக்காலில் இருப்பது வலுவுள்ள தசை இல்லை. அழிந்த தசையின் இடத்தைக் கொழுப்பும் நாரும் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

பல பையன்களுக்கு முதல் சந்தேகம் விழுவது தசையின் மேல் அல்ல, கல்லீரலின் மேல். காய்ச்சலுக்கு எடுத்த ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகள் என்று பெயர் பெற்ற எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் பல மடங்கு கூடியிருக்கும். உடனே மஞ்சள்காமாலை என்று முடிவு கட்டிக் கீழாநெல்லியை அரைத்துக் கொடுப்பார்கள், எண்ணெய்ப் பண்டத்தை நிறுத்துவார்கள். மாதக்கணக்கில் பத்தியம் இருந்தும் எண் இறங்காது. காரணம் எளிது: அந்த இரண்டு நொதியும் தசையிலும் உண்டு. கல்லீரலைக் காட்டும் மற்ற அளவுகளான பிலிருபினும் ஜி.ஜி.டி.யும் சரியாக இருந்து இவை மட்டும் கூடியிருந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது சி.கே. என்கிற கிரியேட்டின் கைனேஸ் என்ற தசை நொதி. வழக்கமாக 200 அளவில் இருக்க வேண்டிய அது டுஷேன் பையனுக்குப் பத்தாயிரம், இருபதாயிரம் என்று நிற்கும். கல்லீரல் ஊசித் திசுப் பரிசோதனை வரை போய்வந்த பிள்ளைகளும் உண்டு. ஒரே ஒரு சி.கே. அந்த அலைச்சலை மிச்சப்படுத்தியிருக்கும்.

சி.கே. கூடியிருந்தால் அடுத்தது மரபணுப் பரிசோதனை. டிஸ்ட்ரோஃபின் என்ற புரதத்தை எழுதிவைத்திருக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மனித மரபணுக்களிலேயே மிக நீளமானவற்றில் ஒன்று. சுமார் 22 லட்சம் டி.என்.ஏ. எழுத்து, புரதத்துக்கான குறிப்பு இருக்கும் 79 எக்ஸான் துண்டுகள். இவ்வளவு நீளமாக இருப்பதாலேயே இதில் பிழை விழும் வாய்ப்பும் அதிகம். மூன்றில் இரண்டு பங்கு பையன்களுக்கு சில துண்டுகள் அப்படியே காணாமல் போயிருக்கும். சுமார் பத்தில் ஒருவருக்குச் சில துண்டுகள் இரட்டித்திருக்கும். எம்.எல்.பி.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை இந்த இரண்டையும் காட்டிவிடும். அதில் ஒன்றும் தெரியாவிட்டால் மரபணுவை முழுதாக வாசிக்கும் சோதனைக்குப் போக வேண்டும், "எம்.எல்.பி.ஏ. நார்மல்" என்பதோடு நின்றுவிடக் கூடாது. தசையை வெட்டி எடுத்துப் பார்க்கும் தேவை இப்போது அரிது. இந்த நோய்க்கென்றே மரபணுப் பரிசோதனையும் ஆலோசனையும் தரும் எம்.டி.சி.ஆர்.சி. மையம் கோவையிலேயே இருப்பது கொங்குக் குடும்பங்களுக்கு ஒரு வசதி.

கூட்டம் பார்த்தும் ஏன் பிடிபடவில்லை

நோய் உறுதியானதும் வீட்டில் முதலில் எழும் சத்தம் "சொந்தத்துல கட்டுனதால வந்தது" என்பது. டுஷேனைப் பொறுத்தவரை இது தவறு. கொங்கு நாட்டில் கல்யாணம் பேசும்போது கூட்டம் பார்ப்பார்கள். கூட்டம் என்பது குலப்பிரிவு, அப்பன் வழியில் வருவது. இந்த நோயோ அம்மா வழியில் வருவது. அப்பா மகனுக்குக் கொடுப்பது ஒய் குரோமோசோமை. பழுதான எக்ஸ் அம்மாவிடமிருந்து மட்டுமே மகனுக்கு வர முடியும். பழுதைச் சுமக்கும் பெண் ஒவ்வொரு தலைமுறையிலும் கல்யாணமாகி வேறு கூட்டத்துக்குப் போய்விடுகிறாள். ஆகவே குலதெய்வக் கோயிலில் பங்காளிகளை வரிசையாக எழுதிவைத்தாலும் இந்த நோயின் தடம் அதில் தெரியாது. அம்மாவின் அம்மா, அவருடைய உடன்பிறந்த பெண்கள், அவர்கள் வயிற்றில் பிறந்து பள்ளி வயதில் நடை இழந்த பையன்கள் என்று கேட்டுக்கொண்டே போனால்தான் கோடு கிடைக்கும்.

ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பையன்களுக்கு அந்தக் கோடும் கிடைக்காது. பிழை புதிதாக விழுந்திருக்கும். அம்மாவிடம் அது இல்லை. அம்மா பழுதைச் சுமப்பவர் என்றால் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர 50 சதவீதம், ஒவ்வொரு மகளும் சுமப்பவளாக இருக்க 50 சதவீதம் வாய்ப்பு. திடகாத்திரமாக நடமாடும் தாய்மாமனிடம் இந்தப் பழுது இல்லை. ஆணுக்கு ஒரே ஒரு எக்ஸ்தான், அது பழுதாக இருந்தால் அவருக்கே நோய் வந்திருக்கும். சோதனை தேவைப்படுவது அம்மாவுக்கும், சித்தி பெரியம்மாக்களுக்கும், கல்யாண வயதில் இருக்கும் அவர்கள் பெண்களுக்கும். சுமக்கும் பெண்களுக்கு இதயத் தசை பலவீனப்படலாம் என்பதால் அவர்களும் சில வருடத்துக்கு ஒருமுறை எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துக்கொள்வது நல்லது.

சொந்தத்தில் கட்டுவதால் கூடும் தசைச்சிதைவு வகைகளும் இருக்கத்தான் இருக்கின்றன. இடுப்பும் தோளும் முதலில் தளரும் லிம்ப் கர்டில் வகையில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவை. பெண் பிள்ளைகளுக்கும் வரும். எந்த வகை என்று மரபணு அறிக்கையில் பார்க்காமல் கீழே சொல்லப்போகும் ஸ்டீராய்டு மருந்தைத் தொடக்கூடாது. டிஸ்ஃபெர்லின் என்ற தசைப் புரதம் குறைவதால் வரும் வகையில் டெஃப்லசகார்ட் என்ற ஸ்டீராய்டு கொடுத்துச் செய்த ஆய்வில் பலன் கிடைக்கவில்லை. வலு குறையும் போக்குதான் தெரிந்தது.

எந்த ஹார்மோன், என்ன வேலை

ஸ்டீராய்டு என்றதும் ஜிம்மில் உடம்பு ஏற்றப் போடும் ஊசி பலருக்கு ஞாபகம் வரும். அது ஆண் ஹார்மோன் வகை. இங்கே பேசுவது வேறு குடும்பம். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தினமும் விடியற்காலையில் கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அதே வேலையை அதைவிடப் பலமாகச் செய்யும்படி தயாரித்தவைதான் பிரெட்னிசலோனும் டெஃப்லசகார்ட்டும். வைசோலோன், ஓம்னகார்டில், டெஃப்கார்ட் என்று மருந்துக்கடையில் கிடைப்பவை இவைதான்.

இந்த மாத்திரை டிஸ்ட்ரோஃபினைக் கொண்டுவராது. டிஸ்ட்ரோஃபின் தசைநாரின் உள்சட்டகத்தையும் வெளிச்சவ்வையும் கோத்துப் பிடிக்கும் புரதம். அது இல்லாத தசை ஒவ்வொரு முறை சுருங்கி விரியும்போதும் சவ்வு கிழிகிறது, கால்சியம் உள்ளே பாய்கிறது, நார் சாகிறது. செத்த நாரைச் சுத்தம் செய்ய வரும் அழற்சி அணுக்கள் பக்கத்தில் இருக்கும் நல்ல நாரையும் கெடுத்து, அந்த இடத்தைத் தழும்பாக்கிவிடுகின்றன. ஸ்டீராய்டு மட்டுப்படுத்துவது இந்த இரண்டாவது அழிவை. கிழிவது நிற்காது, கிழிந்த இடம் தழும்பாவது தள்ளிப்போகும்.

உடம்பில் பிரெட்னிசலோனாக மாறும் பிரெட்னிசோனைக் கொடுத்துப் பார்த்த அறிக்கை 1974-லேயே வந்துவிட்டது. நம்பிக்கை வந்தது 1989-ல், 103 பையன்களை மூன்று பிரிவாகப் பிரித்து ஆறு மாதம் செய்த ஆய்வில். ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 0.75 மி.கி. கொடுத்த பிரிவும் 1.5 மி.கி. கொடுத்த பிரிவும் ஒரே அளவு முன்னேறின. இரட்டிப்பாகக் கொடுத்தால் பக்கவிளைவு கூடுமே தவிர பலன் கூடாது என்று அன்று தெரிந்தது. அதனால்தான் இன்றைக்கும் கணக்கு 0.75-ல் நிற்கிறது.

மாத்திரைக் கணக்கு

பிரெட்னிசலோன் ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 0.75 மி.கி.; டெஃப்லசகார்ட் கிலோவுக்கு 0.9 மி.கி. இருபது கிலோ பையனுக்கு முதலாவது 15 மி.கி., இரண்டாவது 18 மி.கி. ஐந்து மி.கி. வைசோலோன் மூன்று, அல்லது ஆறு மி.கி. டெஃப்கார்ட் மூன்று. மாத்திரை எண்ணிக்கை ஒன்றாக வருவது தற்செயல் இல்லை, 5 மி.கி. பிரெட்னிசலோனின் பலமும் 6 மி.கி. டெஃப்லசகார்ட்டின் பலமும் சமம். ஆனால் டெஃப்லசகார்ட்டில் 30 மி.கி. மாத்திரையும் உண்டு. "மூணு மாத்திரை" என்று மட்டும் மனப்பாடமாக வைத்திருக்கும் வீட்டில் அட்டை மாறினால் 18 மி.கி. 90 மி.கி. ஆகிவிடும். சீட்டிலும் சரி, ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிவைக்கும் காகிதத்திலும் சரி, எண்ணிக்கையோடு மி.கி.யும் எழுதியிருக்க வேண்டும்.

இன்னொரு தவறு, சரக்கு இல்லாதபோது கடையில் "அதே ஸ்டீராய்டுதாங்க" என்று டெக்ஸாமெத்தசோன் கொடுப்பது. 0.75 மி.கி. டெக்ஸாமெத்தசோன் 5 மி.கி. பிரெட்னிசலோனுக்குச் சமம். அது உடம்பில் நெடுநேரம் தங்கி வளர்ச்சியை இன்னும் கடுமையாக அமுக்கும். மாற்றாக வாங்கக் கூடாது. கையிருப்பு பத்து நாளுக்குக் கீழே வரும்போதே அடுத்த அட்டையை வாங்கிவிடுவதுதான் வழி.

கொடுக்கும் நேரம் காலை, சாப்பிட்ட பிறகு. இட்லி இரண்டு உள்ளே போன பின் எட்டு மணிக்கு என்று வைத்துக்கொள்ளலாம். உடம்பே கார்டிசாலைச் சுரக்கும் நேரத்தோடு அது ஒத்துப்போகும். ராத்திரி கொடுத்தால் தூக்கம் கெடும், எரிச்சல் கூடும். வெறும் வயிற்றில் கொடுத்தால் நெஞ்செரிச்சல்.

எடை கூடக்கூட அளவையும் கூட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடை போட்டுத் திருத்துவது வழக்கம். 40 கிலோ தாண்டினால் பிரெட்னிசலோனைப் பொதுவாக 30 முதல் 40 மி.கி.க்கு மேல் ஏற்றுவதில்லை. பக்கவிளைவு தாங்க முடியாமல் போனால் முழுதாக நிறுத்தாமல் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை மருத்துவர் குறைப்பார், ஒரு மாதம் கழித்துப் பார்ப்பார்.

பத்து நாள் கொடுத்துப் பத்து நாள் விடும் முறையும் உண்டு. பக்கவிளைவு குறையும் என்று பெற்றோர் விரும்பிக் கேட்பது அதைத்தான். 2022-ல் வெளிவந்த ஐந்து நாட்டு ஆய்வில் 4 முதல் 7 வயதுப் பையன்கள் 196 பேரை மூன்று வருடம் பார்த்தார்கள். பிரெட்னிசோன், டெஃப்லசகார்ட் என்று தினமும் கொடுத்த இரண்டு முறையும், விட்டுவிட்டுக் கொடுத்ததைவிடத் தெளிவாக மேலாக இருந்தன. தினசரி டெஃப்லசகார்ட்டில் எடை ஏற்றம் குறைவு, உயர வளர்ச்சித் தடையும் கண்புரையும் அதிகம்; பிரெட்னிசலோனில் எடை ஏறும், கோபம் ஏறும். சாப்பாட்டைக் கட்டுப்படுத்த முடியாத வீட்டுக்கு டெஃப்லசகார்ட் பொருந்தும் என்பது நம் எண்ணம். அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது 2017-ல்தான். நம் ஊர்க் கடைகளில் அதற்கு முன்பிருந்தே சாதாரணமாகக் கிடைத்துவந்தது. 2023-ல் அங்கே ஒப்புதல் பெற்ற வாமொரோலோன் என்ற ஸ்டீராய்டு எலும்பையும் உயரத்தையும் அவ்வளவாகப் பாதிக்காத ரகம். ஆனால் அட்ரினல் சுரப்பியைத் தூங்க வைக்கும் குணம் அதற்கும் உண்டு.

தொடங்குமுன்

பையனின் திறன் ஏறுவது நின்று, இறங்கத் தொடங்குமுன் ஆரம்பிப்பது நல்லது. பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வயதுக்குள். நடை தளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பதில் லாபமில்லை, ஏனென்றால் தழும்பான தசையை இந்த மருந்து மீட்டுத் தராது.

தடுப்பூசிக் கணக்கை முதலில் முடிக்க வேண்டும். உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசிகள் ஸ்டீராய்டு தொடங்க நான்கு வாரம் முன்பே போடப்பட்டிருக்க வேண்டும். இதில் பெரும்பாலும் விட்டுப்போவது சின்னம்மைத் தடுப்பூசி. அரசு அட்டவணையில் அது இல்லை, தனியாக வாங்கி இரண்டு தவணை போட வேண்டும். காசநோய் இருக்கிறதா என்று ஒரு மாண்டோ சோதனை, கண் பரிசோதனை, ரத்த அழுத்தம், சர்க்கரை, வைட்டமின் டி, முதுகெலும்பின் பக்கவாட்டு எக்ஸ்ரே, உயரம், எடை. இவை எல்லாம் தொடங்கும் நாளில் எழுதிவைத்தால்தான் பின்னால் வரும் மாற்றத்தை அளக்க முடியும்.

முதல் மூன்று மாதத்தில் பசி பிசாசு போல வரும். மூஞ்சி நிலா மாதிரி உருண்டுவிடும். "பையன் இப்பத்தான் தேறிட்டானுங்க" என்று ஊரே சந்தோஷப்படும் கட்டம் இது, அங்கேதான் வழுக்குகிறது. கொங்கு நாட்டில் முக்குக்கு முக்கு பேக்கரி. சாயங்காலம் ஒரு தேங்காய் பன், ஒரு பப்ஸ், சர்க்கரை தூக்கலாக ஒரு டீ என்றால் அந்தக் குழந்தைக்கு அது அரைச் சாப்பாடு. கூடும் ஒவ்வொரு கிலோவையும் தேயும் தொடைத் தசைதான் தூக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், மிக்சர் மூன்றும் உப்பு. ரத்த அழுத்தத்தையும் உடம்பில் நீர் கோப்பதையும் கூட்டும். கால்சியத்துக்கு மாத்திரையைவிடச் சாப்பாடு மேல்: நூறு கிராம் ராகி மாவில் சுமார் 350 மி.கி. கால்சியம் இருக்கிறது. காலையில் ராகிக்கூழும் மத்தியானம் தயிரும் இருந்தால் தேவையில் பெரும்பங்கு முடிந்துவிடும். வைட்டமின் டி மட்டும் அளந்துபார்த்து மருந்தாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

எலும்பு விஷயத்தில் ஏமாற்றுவது முதுகெலும்பு. விழாமலே, வலிக்காமலே கட்டை கட்டையாக அமுங்கியிருக்கும். ஆகையால் வலி இல்லாவிட்டாலும் ஒன்று இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பக்கவாட்டு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். முறிவு தெரிந்தால் சோலெட்ரோனிக் அமிலம் போன்ற எலும்பு மருந்தை ரத்தக்குழாய் வழி ஏற்றுவார்கள். முதல் முறை ஏற்றிய ஓரிரு நாளில் காய்ச்சலும் வாந்தியும் வரலாம். வாந்தி வந்தால் காலை மாத்திரையும் வெளியே வந்துவிடும். அது ஏன் பெரிய ஆபத்து என்பதற்கு இனி வருவோம்.

தூங்கும் சுரப்பி

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இருபது கிலோ பையனின் உடல் மேற்பரப்பு சுமார் 0.8 சதுர மீட்டர். அவன் அட்ரினல் இயல்பாக ஒரு நாளைக்குச் சுரப்பது ஆறேழு மி.கி. கார்டிசால். நாம் கொடுக்கும் 15 மி.கி. பிரெட்னிசலோன் 60 மி.கி. கார்டிசாலுக்குச் சமம். தேவைக்கு எட்டு ஒன்பது மடங்கு வெளியிலிருந்து வந்து இறங்கும்போது மூளை சுரப்பிக்கு உத்தரவு அனுப்புவதை நிறுத்திவிடுகிறது. சிறுவாணித் தண்ணீர் வீட்டுக் குழாயில் வந்த பிறகு கிணற்று மோட்டாரை வருடக்கணக்கில் போடாமல் விட்ட மாதிரி. ஒரு நாள் குழாய் நின்றால் மோட்டார் உடனே ஓடாது. துருப்பிடித்திருக்கும்.

அப்படிப்பட்ட நேரத்தில் பையனுக்கு வருவதை அட்ரினல் நெருக்கடி என்பார்கள். சோர்வு, வாந்தி, வயிற்று வலி, சர்க்கரை இறங்குதல், ரத்த அழுத்தம் இறங்குதல், மயக்கம். பார்க்கச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாதது போலத்தான் இருக்கும். ஓ.ஆர்.எஸ். கொடுத்துப் படுக்க வைத்துவிட்டால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகும். பக்கவிளைவு வருடக்கணக்கில் மெல்லச் செய்யும் சேதத்தை, திடீர் நிறுத்தம் ஓரிரு நாளில் செய்துவிடும். மாத்திரையைப் பார்த்துப் பயப்படும் பெற்றோர் உண்மையில் பயப்பட வேண்டியது மாத்திரை இல்லாத நாளைப் பார்த்து.

கொங்கு நாட்டில் மாத்திரை நிற்கும் சந்தர்ப்பங்களை முன்கூட்டியே சொல்லிவிடலாம். முதலாவது அம்மை. பங்குனி சித்திரையில் மாரியம்மன் கோயிலில் பூச்சாட்டிக் கம்பம் நடும் அதே பருவத்தில் சின்னம்மையும் சுற்றும். வீட்டில் அம்மா வந்திருக்கிறாள் என்றால் மருந்து மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்துவது வழக்கம். வேப்பிலைக்கும் இளநீருக்கும் தடையில்லை. ஆனால் ஸ்டீராய்டு எடுக்கும் பிள்ளைக்கு அம்மை நுரையீரல் வரை இறங்கக்கூடிய நோய், அதோடு மாத்திரையும் நின்றால் இரண்டு ஆபத்து சேர்ந்து வரும். அம்மை போட்ட வீட்டுக்குப் போய்வந்தது தெரிந்தாலே அன்றைக்கே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கொப்புளம் கண்ட முதல் நாளிலேயே அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்கினால்தான் முழுப் பலன்.

இரண்டாவது, ஒரு மண்டலப் பத்தியம். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி எண்ணெய் உழிச்சலுக்குப் போவது கோவை, பொள்ளாச்சிக் குடும்பங்களுக்குப் பழக்கமான வழி. மெல்லத் தேய்த்துவிடுவதில் கெடுதல் இல்லை. "இங்கிலீஷ் மருந்தை நிறுத்திட்டு வாங்க" என்ற நிபந்தனைதான் கூடாது. மூன்றாவது சாதாரண மறதி: பழனிக்குப் பாதயாத்திரை, தாராபுரத்தில் கல்யாணம், அட்டை வீட்டு அலமாரியில். பையனின் ஸ்கூல் பையிலும் அம்மாவின் கைப்பையிலும் ஆளுக்கு நான்கு நாள் மாத்திரை எப்போதும் கிடக்க வேண்டும்.

நாட்கணக்கை இப்படிப் பிடித்துக்கொள்ளலாம். விழுங்கி அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு முறை கொடுக்கலாம். அதுவும் வந்துவிட்டாலோ, 24 மணி நேரத்துக்கு மேல் மருந்து உள்ளே நிற்கவில்லை என்றாலோ வீட்டில் உட்காரக் கூடாது. முழுத் தினசரி அளவில் இருக்கும் பையனுக்குச் சளி, லேசான காய்ச்சலுக்கெல்லாம் அந்த அளவே பெரும்பாலும் போதும். பெரிய காயம், எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை, கடும் தொற்று என்றால் கார்டிசாலின் மருந்து வடிவமான ஹைட்ரோகார்டிசோன் ஊசி வேண்டும். உடல் மேற்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 100 மி.கி. என்பது கணக்கு. நெருக்கடி என்று சந்தேகம் வந்தால், பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் வயதைப் பொறுத்து 50 அல்லது 100 மி.கி. உடனே போடுவார்கள். 100 மி.கி. பொடிக் குப்பி, கரைத்துப் போடுவது. சின்ன ஊர் ஆஸ்பத்திரியில்கூட பெரும்பாலும் கையிருப்பில் இருக்கும் மருந்துதான். அதைக் கேட்டு வாங்கத் தெரிய வேண்டும், அவ்வளவே.

அதற்கு ஒரு அட்டை. ஒரு பக்கம் தமிழில், ஒரு பக்கம் ஆங்கிலத்தில், லேமினேட் செய்து: "டுஷேன் தசைச்சிதைவு. தினமும் இத்தனை மி.கி. ஸ்டீராய்டு, இந்த வருடத்திலிருந்து. திடீரென நிறுத்தக் கூடாது. வாந்தி, மயக்கம் என்றால் ஹைட்ரோகார்டிசோன் ஊசி. மயக்க மருந்தில் சக்சினைல்கோலின் வேண்டாம், மூச்சு வழி மயக்க வாயு வேண்டாம். எஸ்.ஜி.பி.டி. கூடியிருப்பது தசையிலிருந்து." கடைசி வரி இல்லாவிட்டால் எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் கல்லீரல் கதை மறுபடி ஆரம்பமாகும். கீழே விழுந்த ஓரிரு நாளில் மூச்சு வாங்கினாலோ பேச்சு குழறினாலோ உடனே அவசர சிகிச்சை என்பதையும் சேர்க்கலாம். எலும்பிலிருந்து கொழுப்புத் துளி ரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைப்பது இந்தப் பிள்ளைகளுக்கு நேரக்கூடியது.

நிறுத்தியே ஆக வேண்டிய காரணம் வந்தாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 20 முதல் 25 சதவீதம் என்று இறக்கி, கடைசியில் ஹைட்ரோகார்டிசோனுக்கு மாற்றி, காலைக் கார்டிசால் பார்த்துத்தான் விடுவார்கள். சுரப்பி முழுதாக விழிக்க ஒரு வருடம்கூட ஆகலாம்.

பதினான்கு வயதில் இன்னொரு ஹார்மோன்

நாள்பட்ட ஸ்டீராய்டு அட்ரினலோடு நிற்காது. மூளையிலிருந்து விதைப்பைக்குப் போகும் உத்தரவையும் அமுக்கும். கூடப் படித்தவர்களுக்கு மீசை அரும்பிக் குரல் உடைந்துவிடும். இவனுக்கு உயரமும் இல்லை, குரலும் பிள்ளைக் குரல். வெளியே சொல்லாத வருத்தம் இது. வீட்டில் யாரும் கேட்பதும் இல்லை. ஒன்பது வயதிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை பருவ வளர்ச்சியைப் பார்க்க வேண்டும். பதினான்கு வயதிலும் விதையின் கன அளவு 4 மி.லி.க்குக் கீழே இருந்தால் பூப்பு தொடங்கவில்லை என்று அர்த்தம். மூளையின் உத்தரவு ஹார்மோன்களான எல்.எச்., எஃப்.எஸ்.எச்., ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஆகியவற்றின் அளவும் இடது மணிக்கட்டு எக்ஸ்ரேயும் எடுத்து, ஹார்மோன் நிபுணரான எண்டோகிரைன் மருத்துவர் டெஸ்டோஸ்டிரோன் தொடங்குவார். ஸ்டீராய்டில் இருப்பவர்களுக்குப் பன்னிரண்டு வயதிலேயே யோசிக்கலாம்.

நான்கு வாரத்துக்கு ஒருமுறை 50 மி.கி. தசை ஊசி என்று சிறிதாகத் தொடங்கிப் பல மாதங்களில் படிப்படியாக ஏற்றுவது ஒரு வழக்கமான முறை. அவசரப்பட்டு அதிகம் கொடுத்தால் எலும்பின் வளர்ச்சித் தட்டு சீக்கிரம் மூடிக்கொள்ளும், முகப்பரு, மூர்க்கம். சஸ்டனான் என்ற டெஸ்டோஸ்டிரோன் ஊசி நிலக்கடலை எண்ணெயில் கரைத்தது. கடலை ஒவ்வாமை உள்ள பையனுக்கு வேறு எண்ணெயில் வருவதைக் கேட்க வேண்டும். இந்த ஊசி தேய்ந்த தசையைக் கட்டித் தரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. எலும்பு கெட்டிப்படும், குரல் மாறும், மனசு தெளியும். அது போதுமான காரணம். குள்ளத்துக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடலாமா என்ற கேள்விக்கு, வழக்கமாகப் பரிந்துரைப்பதில்லை என்பதே பதில்.

இதே டெஸ்டோஸ்டிரோன் விஷமாகும் பரம்பரை நோயும் ஒன்று உண்டு. நடுவயது ஆண்களுக்கு வரும் கென்னடி நோயில் பழுதான புரதம் அந்த ஹார்மோனோடு சேரும்போதுதான் நரம்பையும் தசையையும் அழிக்கிறது. அதற்கு ஜப்பானில் 2017-ல் ஒப்புதல் பெற்ற லியூப்ரோரெலின் ஊசி செய்வது டெஸ்டோஸ்டிரோனை அடக்குவது. தசை இளைக்கிறது என்று எவரும் தாமாக ஆண் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது என்பதற்கு இந்த ஒரு நோயே போதும்.

சக்கர நாற்காலிக்குப் பிறகு

ஸ்டீராய்டு இல்லாத பையன் பத்துப் பன்னிரண்டு வயதுக்குள் நடை இழப்பான். எடுப்பவனும் ஒரு நாள் நாற்காலியில் உட்காரத்தான் போகிறான், சில வருடம் தள்ளி. அன்றைக்கு, "இனி எதுக்குங்க இந்த மாத்திரை, நடையே போச்சே" என்று நிறுத்திவிடும் வீடுகள் பல. 440 பேரைப் பத்து வருடம் வரை பின்தொடர்ந்து 2018-ல் வெளியான ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. ஒரு வருடமாவது ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்குக் கால் சார்ந்த திறன்கள் போவது 2.1 முதல் 4.4 வருடம் தள்ளிப்போனது. கை சார்ந்த திறன்கள் போவது 2.8 முதல் 8 வருடம் வரை தள்ளிப்போனது. காலைவிடக் கைக்குத்தான் லாபம் அதிகம். முதுகு வளைவதும் நுரையீரல் பலம் இறங்குவதும் தாமதப்படும். அளவைக் குறைத்து, கிலோவுக்கு 0.3 மி.கி.க்குக் கீழே போகாமல், மாத்திரை தொடரலாம். பத்து வயதுக்குள் இதயத்துக்கு எனலாப்ரில் போன்ற மருந்து சேர்ந்திருக்க வேண்டும், வருடம் ஒரு எக்கோவும் எடுக்க வேண்டும். நடை போன வீட்டில் பார்க்க வேண்டிய அளவுகோல் மாறுகிறது: தட்டில் பிசைந்த அரிசிம்பருப்புச் சோற்றை அவன் கையாலேயே எடுத்து, முட்டுக் கொடுக்காமல் வாய்வரை கொண்டுபோக முடிகிறதா என்பது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடை எழுதும் அதே நோட்டில் அதையும் தேதி போட்டு எழுதி வரலாம்.